கயிறு கட்டாத பச்சைப் பெட்டி

வீரசிங்கத்துக்குக் கோட்டு வந்த நாளிலிருந்துதான் வினை ஆரம்பம். அதற்கு முன்னால் அவன் யோக்கியனாக இருந்தான் என்று சொல்ல வரவில்லை. யோக்கியம் கெட்டுப்போக அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலரில் சிக்கி அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போனது. கை போன கையோடு வேலையும் போனது, தோட்டத்தார் கொடுத்திருந்த லயத்து அறையும் போனது. டவுனுக்கு இறங்கி வந்து, ஒரு புடவைக்கடை வாசலில் நின்று ஆட்களைக் கூவி அழைக்கும் வேலையில் சேர்ந்தான். வருகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று முதலாளி தன் பழைய கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொடுத்து, "அந்தக் கையப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்க" என்றார். எத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்த கோட்டோ, அந்துருண்டை வாசம் எத்தனை துவைத்தும் போகவில்லை. ஆனால் கோட்டுக் கையின் நுனியைப் பாக்கெட்டுக்குள் செருகிவிட்டால், யாரோ ஒரு கிளார்க்கு ஐயா ஒய்யாரமாக நிற்கிற மாதிரி இருக்கும். கடைக் கண்ணாடியில் பார்த்தபோது வீரசிங்கத்துக்கே அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினான்.

கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அங்கவீனர் சங்கத்துக்கும் போனான். ஞாயிற்றுக்கிழமை பகலில், பஜாரில் ஒரு மிளகு கிடங்கின் பின்கட்டில் சங்கம் கூடும். இடம் முத்தலிப் நானாவின் தயவு. இரண்டு காலும் சூம்பிப்போன மனுஷர். அந்தக் கிடங்கில் உட்கார்ந்தபடியே சாக்குத் தைத்துப் பிழைப்பவர். மிளகு நெடியில் கூட்டம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருக்கும். யாராவது சங்கதி பேச எழுந்தால் முதலில் ஒரு தும்மல், பிறகுதான் பேச்சு.

தொடங்கியது முத்தலிப் நானாதான் என்றாலும், சங்கத்தின் மூளை அழகாயி. அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவள். தோட்டத்தில் அக்காள் குடும்பத்தோடு லயத்தில் இருந்துகொண்டு, பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுகிறவள். கூட்டத்தில் எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் கை தூக்கச் சொல்வதுதானே ஊர் வழக்கம்? இந்தக் கூட்டத்தில் தூக்கக் கையில்லாதவர் இருந்தார், தூக்கிய கையைப் பார்க்கக் கண்ணில்லாதவர் இருந்தார். அழகாயிதான் வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு பாக்கு, ஆளுக்கொரு புளியங்கொட்டை. நடுவில் ஒரு குடமும் ஒரு சட்டியும் வைத்துக் கம்பளியால் மூடிவிடுவார்கள். கம்பளிக்குள் கையை விட்டு, சரி என்றால் பாக்கைக் குடத்தில் போட வேண்டும். கூடாது என்றால் புளியங்கொட்டையைப் போட வேண்டும். மிஞ்சியதைச் சட்டிக்குள் தள்ளிவிடலாம். இரண்டு கையும் இல்லாத இராசமாணிக்கம் கால் விரலால் கவ்விப் போடுவார், அதுவும் குறி தப்பாமல். யார் எதைப் போட்டார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அது அழகாயி வைத்த சட்டம். கேட்டவனை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

அது கலர்ப் பெட்டித் தேர்தல் நடந்த காலம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் திண்டாடக் கூடாதென்று அரசாங்கம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர் கொடுத்திருந்தது. திரைக்குப் பின்னால் கலர் கலராகப் பெட்டிகள் இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு போய், பிடித்தவருடைய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுத்துத் தெரியாதவனை நினைத்த மகராசர்கள் கண் தெரியாதவளை நினைத்தார்களா? இல்லை. பார்வையில்லாதவர்கள் அதிகாரியிடம் கலரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் கொண்டுபோய்ப் போடுவார். பக்கத்திலேயே வேட்பாளர்களின் ஏஜண்டுகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்துப் பெரிய கங்காணி சிவப்புப் பெட்டிக்காரர். அவருடைய ஆள் காதில் 'பச்சை' என்ற சொல் விழுந்தால் மறுநாளே பத்துச்சீட்டுத்தான். பத்துச்சீட்டு கிடைத்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு லயத்தைவிட்டு இறங்க வேண்டும்.

"கலர் பூசத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியாதா?" என்றாள் அழகாயி. "பச்சைப் பெட்டிக் காதுல ஒரு முடிச்சு, சிவப்புப் பெட்டிக் காதுல ரெண்டு முடிச்சு. தடவிப் பாத்து நாங்களே போட்டுக்குவோம். யாரும் எங்களுக்காகப் போட வேணாம்."

எத்தனை சின்ன விஷயம் பாருங்கள். ஒரு முழம் கயிறு. அதை ஜில்லாவை ஆளும் வெள்ளைக்கார அதிகாரியான ஏஜண்டு துரையிடம் எடுத்துச்சொல்லி வாங்கித்தர வேண்டியது பச்சைப் பெட்டி ஐயா. டவுனில் வழக்குப் பேசும் பெரிய புரக்டர் அவர். போட்டி கடுமையாக இருந்ததால் ஒவ்வொரு வோட்டுக்கும் ஆலாய்ப் பறந்தார். சங்கத்து வோட்டு வேண்டுமென்றால் கயிறு வேண்டும், துரைமாரைப் பார்த்துப் பேசும் அவருடைய கமிட்டியில் சங்கத்து ஆளுக்கு ஒரு நாற்காலியும் வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த நாற்காலியில் யார் உட்காருவது? அழகாயி பேரைச் சொல்லிக் குடம் வைத்தார்கள். பாக்காக விழுந்தது. வீரசிங்கமும் பாக்குத்தான் போட்டான். யாராவது தன் பேரைச் சொல்ல மாட்டார்களா என்று கடைசிவரை காத்திருந்துவிட்டுப் போட்டான்.

ஐயாவைப் பார்க்க அழகாயி, முத்தலிப் நானா, துணைக்கு வீரசிங்கம் என்று மூன்று பேராகப் போனார்கள். பங்களா வாசலில் காவல்காரன் முத்தலிப் நானா உட்கார்ந்து உருட்டிக்கொண்டு வந்த உருளைப் பலகையையும் அழகாயியின் குச்சியையும் பார்த்தான்.

"சோறு பின்னாடி. அந்தப் பக்கமாப் போங்க" என்றான். பிறகு கோட்டைப் பார்த்தான். "ஐயா நீங்க உள்ள வாங்க."

வீரசிங்கம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வந்தோம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவன் சொல்லவில்லை. அழகாயியிடம் குனிந்து, "நான் போயி மொதல்ல சொல்லிடுறேன், அப்புறம் உன்னையக் கூப்புடுவாங்க" என்றான்.

"சரிண்ணே. கயித்த மறந்துடாதீங்க" என்றாள் அவள்.

உள்ளே நாற்காலி கொடுத்தார்கள். தேத்தண்ணீர் வந்தது, பீங்கான் கோப்பையில். இடது கையால் எடுத்துக் குடித்தான். ஐயா அவனை "மிஸ்டர் வீரசிங்கம்" என்று கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து அவனை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார்கள், கை போன பிறகு 'மொண்டி' என்பார்கள். அந்த மிஸ்டரில் மனுஷன் அப்படியே கரைந்துபோனான்.

"கமிட்டியில ஒருத்தரப் போட்டுக்கலாம், அதுல ஒண்ணுமில்ல" என்றார் ஐயா. "யாரப் போடலாம்?"

"அழகாயின்னு ஒரு பொண்ணுங்கய்யா. கண்ணு தெரியாது. ஆனா..."

ஐயா சிரித்தார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, வேடிக்கையாகச் சிரித்தார். "என்ன மிஸ்டர் வீரசிங்கம்! ஏஜண்டு தொரைக்கு முன்னால ஒரு குருட்டுப் பொம்பளையக் கொண்டுபோயி நிறுத்தச் சொல்றீங்களா? அப்புறம் நாற்காலி எதுன்னு அவளுக்கு யாரு காட்டுறது? தடவிப் பாத்துத் தொரை மடியிலல்ல உக்காந்துடுவா!"

வீரசிங்கமும் சிரித்தான். அடப்பாவி! கூடச் சேர்ந்து, சத்தமாகவே சிரித்தான். அவனுக்கு விக்கல் மாதிரி இழுத்து இழுத்துச் சிரிக்கும் பழக்கம். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு அது. சிரித்து முடித்த பிறகுதான் அறையின் பின்பக்கத்து ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தான். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. அங்கே வாழையிலையில் யாருக்கோ சோறு விழுகிற சத்தம் கேட்டது.

"நீங்களே இருங்க கமிட்டியில" என்றார் ஐயா. "நீங்க இருந்தா நாற்காலி. இல்லாட்டி வேணாம். கயிறு கியிறெல்லாம் இப்பப் போயி யாரு கேக்குறது? கலரச் சொன்னாப் போட்டுடுவாங்க. நீங்க ஆளுங்களக் கூட்டியாந்து விட்டாப் போதும்."

"சரிங்கய்யா" என்றான் வீரசிங்கம்.

திரும்பும் வழியெல்லாம் அழகாயி பேசவில்லை. முத்தலிப் நானாதான் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தார். "பிச்சக்காரனுக்குப் போடுற மாதிரி எல போட்டானுங்க, அல்லாஹ்வே! நான் தொடல்ல. தங்கச்சியும் தொடல்ல. நீங்க உள்ளுக்கு என்னதான் பேசினீங்க?"

"எல்லாம் பேசிட்டேன் நானா. கமிட்டிக்கு இப்போதைக்கு என்னைய இருக்கச் சொல்றாரு. அப்புறம் மாத்திக்கலாமாம்."

அழகாயி குச்சியைத் தரையில் ஊன்றி நின்றாள். "அது கெடக்கட்டும். கயிறு?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு சண்டை வந்து, அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் ஜன்னல் திறந்திருந்ததே, இவள் கேட்டிருப்பாளோ என்ற வெட்கம் வீரசிங்கத்தைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. ஒரு நல்ல சேதி சொன்னால் அந்தச் சிரிப்பை அழித்துவிடலாம் என்று நினைத்தான்.

"கட்டுவாங்க" என்றான். "பச்சைக்கு ஒரு முடிச்சு, நீ சொன்ன மாதிரியே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

வோட்டு நாள் வந்தது. அலுவிகாரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வோட்டுச் சாவடி. பச்சைப் பெட்டியின் ஏஜண்டுகளில் ஒருவனாக வீரசிங்கம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோட்டில் பச்சை ரிப்பன் குத்தியிருந்தது. பக்கத்தில் சிவப்புக்காரர்களின் ஏஜண்டாகப் பெரிய கங்காணியின் மச்சான், வெற்றிலையை மென்றுகொண்டு. அழகாயிக்கு வயிற்றுவலி வரட்டும், மழை வரட்டும், வண்டி குடை சாயட்டும் என்று வீரசிங்கம் விடிந்ததிலிருந்து முத்துமாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தான். எந்த ஆத்தாள் இப்படிப்பட்ட வேண்டுதலுக்குக் காது கொடுப்பாள்?

வந்தாள். பின்னால் பார்வையில்லாத சங்கத்துக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எல்லோரும் வெளுத்த துணி கட்டியிருந்தார்கள். அழகாயி தலையில் பூக்கூட வைத்திருந்தாள்.

பேரைச் சொல்லிச் சீட்டை வாங்கினாள். அதிகாரி நல்ல தமிழில் கலரைக் கேட்டார்.

"வேணாங்கய்யா. நானே போட்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

போனவள் வரவில்லை. பெட்டிகளின் மேல் கை ஊர்கிற சத்தம் கேட்டது. ஒன்றைத் தடவினாள், அடுத்ததைத் தடவினாள், மறுபடியும் முதலாவதுக்கு வந்தாள். தகரத்தில் வளையல் உரசிக்கொண்டே இருந்தது. கங்காணியின் மச்சான், "என்ன, குருடி பெட்டிக்குத் தாலாட்டுப் பாடுறாளா?" என்றான். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். வீரசிங்கம் சிரிக்கவில்லை. அதை அவன் கணக்கில் புண்ணியமாக எழுதிவிடாதீர்கள், அவனுக்கு மூச்சே வரவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு அழகாயி வெளியே வந்தாள். சீட்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

"கயிறு இல்லையேய்யா. கயிறு கட்டிருக்கும்னு சொன்னாங்க."

"என்ன கயிறு? அப்படி ஒன்றும் யாரும் எங்களிடம் கேட்கவில்லையே அம்மா" என்றார் அதிகாரி. "கலரைச் சொல்லுங்கள், நான் போட்டுவிடுகிறேன்."

யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல் விழுந்ததும் அவள் முகம் வற்றிப்போனது. பெஞ்சு இருக்கும் பக்கமாகத் திரும்பினாள்.

"வீரசிங்கம் அண்ணே இங்க இருக்காரா?"

வீரசிங்கம் வாயைத் திறக்கவில்லை. இருமல் வந்தது, அதையும் விழுங்கினான். அவளுக்குத்தான் கண் தெரியாதே, சத்தம் போடாமல் இருந்தால் நான் இல்லை என்று நினைத்துக்கொள்வாள் என்று எண்ணினான். ஒரு கண்ணில்லாத பெண்ணிடமிருந்து ஒளிந்துகொள்ள மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கோட்டும் ரிப்பனுமாக.

அழகாயி மூக்கை லேசாக உறிஞ்சினாள். "அந்துருண்டை வாசம் மட்டும் வருது" என்றாள். "ஆளு இல்ல போலருக்கு."

பிறகு சீட்டை அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"கலரச் சொல்ல மாட்டேங்கய்யா. என் வோட்டு எனக்கும் பெட்டிக்குந்தான் தெரியணும். அது முடியாதுன்னா எனக்கு வேணாம்."

வாசலுக்கு வந்து, நின்றவர்களிடம், "கயிறு இல்ல" என்று மட்டும் சொன்னாள். வரிசை அப்படியே திரும்பியது. கடைசியில் நின்றவர் முன்னே வர, தோளை மாற்றிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்த வழியே நடந்தார்கள். ஒருவர்கூட உள்ளே போய்க் கலரைச் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் பத்துச்சீட்டும் வரவில்லை. அவர்களைக் காப்பாற்றியது வீரசிங்கம் இல்லை, அவர்களுடைய ரோஷம்.

பச்சைப் பெட்டி ஐயா ஜெயித்துவிட்டார். அந்த வோட்டுகள் இல்லாமலேயே ஜெயித்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஊர்வலத்தில் வீரசிங்கத்துக்கும் ஒரு மாலை போட்டார்கள். நாற்காலி அவனுக்காகத் தயாராக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தான், கால் தானாக அங்கே போய்விட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று பஜார் நெடுகச் சொல்லிக்கொண்டே போனான். உள்ளே நுழைந்ததும் முத்தலிப் நானா சாக்கூசியைக் கீழே வைத்தார்.

"கயிறு கேட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கேக்கல" என்றான் வீரசிங்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நானா, நாற்காலி கெடைச்சிருக்கே. நான் போனாத்தான் நாற்காலி, இல்லாட்டி யாருக்குமே இல்லைன்னு ஐயா சொல்லிட்டாரு. என்னைய வேணாம்னு சொன்னா அதுவும் போயிடும். ஒண்ணுமே இல்லாததுக்கு நான் ஒருத்தனாவது உள்ள இருக்குறது நல்லதுதானே?"

யாரோ தும்மினார்கள்.

"அண்ணே சொல்றதும் ஒரு ஞாயந்தான்" என்றாள் அழகாயி. கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு ஜன்னல் வழியா நீங்க சிரிச்சத நான் கேட்டேண்ணே. அத இங்க யாருகிட்டயும் சொல்லல. இப்பச் சொல்றேன், ஏன்னா இவங்க எல்லாம் தெரிஞ்சுதான் போடணும். வீரசிங்கம் அண்ணே நமக்காக அந்த நாற்காலியில உக்காரலாம்னா பாக்கு. வேணாம்னா புளியங்கொட்டை. கொடத்த வைங்க நானா."

வீரசிங்கத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவனுக்கும் ஒரு பாக்கும் ஒரு புளியங்கொட்டையும் கொடுத்தார்கள். முறை வந்தபோது புளியங்கொட்டையைத்தான் போடுவது என்ற முடிவோடு கம்பளிக்குள் கையை விட்டான். சத்தியமாக அந்த முடிவோடுதான் விட்டான். கம்பளி சொரசொரவென்று கையை மூடியது. இங்கே யாரும் பார்க்கவில்லை என்று தோன்றியது. பீங்கான் கோப்பை ஞாபகம் வந்தது. மிஸ்டர் என்ற சொல் காதில் கேட்டது. விரல்கள் பாக்கைக் குடத்துக்குள் விட்டுவிட்டன.

வழக்கம்போல அழகாயிதான் குடத்தை மடியில் வைத்து எண்ணினாள். கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி வெளியே வைத்தாள்.

"புளியங்கொட்டை. புளியங்கொட்டை. இதுவும் புளியங்கொட்டை."

வீரசிங்கம் மனதுக்குள் ஆட்களை எண்ணத் தொடங்கினான். இராசமாணிக்கமாவது ஒரு பாக்குப் போட்டிருக்க மாட்டாரா? பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவராவது? யாரோ ஒருவர் போட்டிருந்தால் போதும், தன் பாக்கு அதோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும். புளியங்கொட்டையாகவே வந்தது. குடம் காலியாகப் போகிற நேரத்தில் அழகாயியின் கை உள்ளே நின்றது. வெளியே எடுத்தவள், அதைக் கீழே வைக்காமல் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டாள்.

"பாக்கு. ஒண்ணே ஒண்ணு."

முத்தலிப் நானாவின் முகம் சிவந்தது. "இவ்வளவுக்கும் பொறகு யாரு அதப் போட்ட..."

"நானா!" அழகாயி அதட்டியே விட்டாள். "யாருன்னு கேக்கப்படாது! இதுக்குத்தானே அன்னைக்குச் சீட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்தோம்? போட்டவங்களுக்கும் கொடத்துக்குந்தான் அது தெரியணும். பாக்குப் போட்டவங்களும் இந்தச் சங்கத்து ஆளுதான். அவங்க வோட்டும் வோட்டுத்தான். யாரும் யாரையும் பாக்காதீங்க."

பார்வை இருந்தவர்கள் எல்லோரும் ஒருமித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மிளகு மூட்டையைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். முத்தலிப் நானா ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். யார் கண்ணும் வீரசிங்கத்தின் பக்கம் வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பான். அத்தனை பேரும் அவனுக்காகச் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, நாற்காலி வேணாம்னு ஆயிடுச்சு" என்றாள் அழகாயி. "கயிறு வேணும். நாமளே ஏஜண்டு தொரையோட கச்சேரி ஆபீசுக்குப் போயி வாசல்ல உக்காருவோம். போலாமா வேணாமா, அதுக்கும் கொடம் வச்சுடுவோம்."

பாக்கையும் புளியங்கொட்டையையும் அவளே எல்லோருக்கும் மறுபடியும் பங்கிட்டாள். ஒவ்வொரு கையாகத் தேடித் தொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் வீரசிங்கத்துக்கு முன்னால் நின்றாள். வாசத்தை வைத்துத்தான் நின்றாள்.

"கைய நீட்டுங்கண்ணே."

அவன் இடது கையை நீட்டினான். ஒரு புளியங்கொட்டையையும் ஒரு பாக்கையும் வைத்து, மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே அவன் விரல்களை மடக்கிவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள். அந்த ஒற்றைப் பாக்கு இன்னும் சூடாக இருந்தது.